பையன் கடகடவென்று வாசிக்கிறான், ஒன்றும் புரியவில்லை. பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள், அவசரம்

கவென்ட்ரி_அம்மா:
வணக்கம். யாராவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள், தூக்கமே வரவில்லை. இங்கே இங்கிலாந்துப் பள்ளியில் பையனுக்கு வாசிப்பு சரியில்லையாம். சென்கோ என்று ஒருவர் வியாழக்கிழமை எங்களைப் பார்க்க வேண்டுமாம். கடிதத்தில் வேறு எதுவும் இல்லை. வீட்டில் புத்தகத்தைக் கொடுத்தால் ஓர் எழுத்து தப்பாமல் வாசிக்கிறான். என்ன படித்தாய் என்று கேட்டால் முழிக்கிறான். நேற்று ஒரு தாள் வந்தது. டாம் என்ற பையன் வீட்டாரோடு பிக்னிக் கிளம்புகிறான், மழை பிடித்துக்கொள்கிறது. டாமுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேள்வி. இவன் 'சந்தோஷம்' என்று எழுதியிருக்கிறான். தப்பு போட்டுவிட்டார்கள். இதுகூடப் புரியாதா? ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாற்றிவிடுவார்களா? இவருக்கு நைட் டூட்டி, லீவு கிடைக்குமா தெரியவில்லை. பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்று இருக்கிறது.

பர்மிங்ஹாம்_பாலா:
முதலில் ஆஃப்ஸ்டெட் அறிக்கையைப் பாருங்கள், பள்ளிகளைச் சோதிக்கிற அரசு அமைப்பு அது. பள்ளி சரியில்லை என்றால் நடு வருடத்திலேயே கவுன்சில் மூலம் வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். நாங்கள் வந்த புதிதில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரே அறை, ஹீட்டர் போடப் பயம், சுவரெல்லாம் பூஞ்சை, குழந்தைக்கு விடாத இருமல். அதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம். நீங்களும் தாண்டிவிடுவீர்கள்.

ஸ்லவ்_சுந்தர்:
பள்ளியை மாற்றி என்ன ஆகப்போகிறது? வீட்டில் தமிழை நிறுத்துங்கள். டிவி, சாப்பாடு, சண்டை எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கட்டும். என் மகளுக்கு அப்படித்தான் செய்தோம், ஒரே வருடத்தில் வகுப்பில் முதல் வரிசை.

ஹாரோ_அக்கா:
தங்கச்சி, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதேங்கோ. உங்களுக்கே தடுமாறுகிற மொழியில் பிள்ளையோடு கதைத்தால், கதையே குறைந்துவிடும். என்ர மகனுக்கும் இதே கரைச்சல் இருந்தது. வீட்டில் தமிழ், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். இப்ப நல்லாப் படிக்கிறான்.

ஸ்லவ்_சுந்தர்:
அக்கா, உங்கள் காலம் வேறு.

ஹாரோ_அக்கா:
பிள்ளையள் அதே பிள்ளையள்தான் தம்பி.

டெர்பி_முருகன்:
எல்லாரும் பேசுகிறீர்கள், பையன் எந்த வகுப்பு என்று யாரும் கேட்கவில்லையே? இங்கே வந்து எவ்வளவு காலம்? ஊரில் எந்த மீடியம்?

பர்மிங்ஹாம்_பாலா:
வகுப்பு எதுவானால் என்ன, மூணேகாலுக்குப் பள்ளியை விட்டால் பெற்றோர் எப்படி வேலைக்குப் போவது? வீட்டுப்பாடமும் கிடையாது. ஊரில் இந்த வயதில் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிப்பான்.

லூட்டன்_ராஜி:
டியூஷனுக்கு விசாரித்தேன். ஒரு மணி நேரத்துக்குக் கேட்கிற காசில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம். கவுன்சில் டாக்ஸ் வேறு ஏறிக்கொண்டே போகிறது.

பர்மிங்ஹாம்_பாலா:
அந்தக் கதையை ஆரம்பிக்காதீர்கள், இன்றைக்கு முடியாது.

சாக்பீஸ்:
கொஞ்சம் விஷயத்துக்கு வருவோம். நான் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பறை உதவியாளர். பயம் முதலில் போகட்டும். சென்கோ என்பவர் சிறப்புக் கல்வித் தேவைகளைப் பார்க்கிற ஆசிரியர். அவர் கூப்பிட்டால் பையனை எங்கோ அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தமில்லை. வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தைக்குக் கற்றல் குறைபாடு என்று சொல்லக்கூடாது என்று இங்கிலாந்தின் 2014 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

அப்புறம், கடகடவென்று வாசிப்பது வேறு, புரிவது வேறு. இங்கே முதலாம் ஆண்டில் ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தொலித் தேர்வு வைப்பார்கள், 40 சொற்கள். அதில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது, ஒலிக்கத் தெரிந்தால் போதும். ஊரில் எழுத்துக் கூட்டிப் பழகின பிள்ளைகள் இதில் ஜெயித்துவிடுவார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான் தெரியவரும்.

வியாழனுக்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு சின்னக் கதையை நீங்களே வாசித்துக் காட்டி, தமிழில் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டால் புரிகிறதா, அப்போதும் புரியவில்லையா என்பது தெரிய வேண்டும். இன்னொன்று, மழை வந்தால் டாமுக்கு ஏன் சந்தோஷம் என்று பையனிடமே கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்.

கவென்ட்ரி_அம்மா:
மன்னிக்கவும், பதற்றத்தில் எதையும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு. ஜனவரியில்தான் வந்தோம். தூத்துக்குடியில் இங்கிலீஷ் மீடியம், ஆனால் கேள்வி பதிலை மனப்பாடம் செய்வதுதான் படிப்பு. வாசித்துக் காட்டினால் பாதிக்கு மேல் புரிகிறது. மழையைப் பற்றிக் கேட்டேன். 'மழை பெஞ்சா கலெக்டர் லீவு விடுவார்லம்மா' என்கிறான்.

டெர்பி_முருகன்:
நூற்றுக்கு நூறு போட்டிருக்க வேண்டிய பதில்.

சாக்பீஸ்:
அதேதான். பையனுக்குக் கதை புரியாமல் இல்லை. தன் வாழ்க்கையை வைத்துத்தான் கதையைப் படித்திருக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளைகள் அப்படித்தான் படிப்பார்கள். அவன் எடுத்துக்கொண்ட மழை தூத்துக்குடி மழை, அவ்வளவுதான். அங்கிருந்து டாமின் மழைக்கு அவனைக் கூட்டி வர வேண்டும்.

எப்படி என்றால், படிக்கும் முன் படத்தைக் காட்டித் தமிழிலேயே பேசுங்கள், இதுபோல் நீ எங்கே பார்த்திருக்கிறாய் என்று. பாதியில் ஒருமுறை நிறுத்தி, 'நமக்கு நடந்ததும் இதுவும் ஒன்றா, எங்கே மாறுகிறது?' என்று கேளுங்கள். அந்த 'எங்கே மாறுகிறது' ரொம்ப முக்கியம். லீவு நாளில், ஆசையாகக் கடற்கரைக்குக் கிளம்பும்போது மழை வந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், டாமை உடனே பிடித்துக்கொள்வான்.

இங்கே நவம்பர் 5 அன்று பான்ஃபயர் நைட், ஊரெல்லாம் பட்டாசு வெடிப்பார்கள். அந்தச் சமயம் வகுப்பில் கொடுக்கிற கதைகளில் நாய் கட்டிலுக்கடியில் போய்விடும், பயந்தது என்று எங்கும் எழுதியிருக்காது. தீபாவளிக்குத் தெருநாய் ஓடி ஒளிவதைப் பார்த்த பிள்ளைக்கு அது சட்டென்று விளங்கும்.

ஸ்லவ்_சுந்தர்:
இப்படிச் சொந்தக் கதை பேசிக்கொண்டே இருந்தால் ஆறாம் ஆண்டில் நாடு முழுக்க வைக்கிற சாட்ஸ் தேர்வில் மார்க் வருமா? என் மகள் டீச்சரே 'கதையில் இருப்பதை மட்டும் எழுது' என்பார்.

சாக்பீஸ்:
பாதி சரி சுந்தர். நாயில் ஆரம்பித்து அதிரசத்துக்குப் போய்விடும் பிள்ளைகள் உண்டு. அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் 'எந்த வரி உனக்கு அதைச் சொன்னது, விரலை வை' என்று கேட்க வேண்டும். அதற்காகச் சொந்த அனுபவத்தையே வெட்டிவிடக் கூடாது. 1988 இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களிடம் பேஸ்பால் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கினாலும் விளையாட்டை நன்றாக அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் விளையாட்டை அறியாதவர்களைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். தூத்துக்குடிப் பையனுக்குக் கப்பல், மீன், துறைமுகம், உப்பளம் பற்றிய புத்தகமாகப் பாருங்கள். நூலகத்தில் காசில்லாமல் அட்டை தருவார்கள்.

ஹாரோ_அக்கா:
கண்ணையும் காட்டிவிடுங்கோ தங்கச்சி. 16 வயதுக்குக் கீழே என்றால் என்ஹெச்எஸ், அதுதான் அரசு மருத்துவ சேவை, கண் பரிசோதனைக்குக் காசில்லை.

கவென்ட்ரி_அம்மா:
ரொம்ப நன்றி. வியாழக்கிழமை இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வேன் என்றுதான் பயம். இவரும் வர முடியாது போலிருக்கிறது.

சாக்பீஸ்:
நாளைக் காலையிலேயே பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா, கணவர் ஃபோனில் சேரலாமா, இரண்டையும் கேளுங்கள். அந்த மழைத் தாளைக் கையில் எடுத்துப் போங்கள், கலெக்டர் விஷயத்தையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது: எந்த நிலைப் புத்தகத்தில் இருக்கிறான், ஆங்கிலம் இரண்டாம் மொழியான பிள்ளைகளுக்கு என்ன உதவி தருகிறார்கள், அடுத்து எப்போது மறுபடி பார்ப்பார்கள்.

லூட்டன்_ராஜி:
சாக்பீஸ், உப்பளம் பற்றி ஆங்கிலத்தில் சிறுவர் புத்தகம் இருக்கிறதா? என் பெண்ணுக்கும் வேண்டும்.