கோல் விழுந்தால் கத்துவதா, காத்திருப்பதா?

குளச்சல் பழைய ரசிகன்:

கால்பந்து பார்ப்பதையே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. மாரடோனா காலத்திலிருந்து நான் அர்ஜென்டினா ரசிகன். இப்படி ஒரு பேச்சு என் வாயிலிருந்து வரும் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மனைவிக்கு மட்டும் கொஞ்சம் சந்தோஷம்.

பணம்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். 2017-இல் பிரேசில் வீரர் நெய்மாருக்காகப் பாரிஸ் அணி 22.2 கோடி யூரோ கொட்டிக் கொடுத்தபோது, எங்கள் டீக்கடையில் அதை ரூபாயாக்கி, எத்தனை விசைப்படகு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுச் சிரித்தோம். கோபம் வரவில்லை. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தனி லீக் அறிவித்தன. இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் அந்நாட்டு கிளப்புகள் ஆறும் பின்வாங்கின. ரசிகன் என்ற சாதிக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று அன்று நம்பினேன்.

எனக்குக் கசந்துபோனது வேறொரு நாளில். 2022 நவம்பர் 22, சவூதி அரேபியாவுடன் ஆட்டம். நம் நேரப்படி மாலை மூன்றரை மணி. வெயில் தாழாததால் திரையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தோம். பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்தார். அந்தப் பெனால்டியைக் கொடுத்ததும், காட்சியைத் திரையில் மறுபடி ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் வீடியோ நடுவர்தான், அதை மறைக்கவில்லை. அதன்பின் முதல் பாதியிலேயே மூன்று முறை பந்து வலைக்குள் போனது. மூன்றும் ஆஃப்சைடு, அதாவது எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நின்று பந்தை வாங்கியதால் செல்லாத கோல். மெஸ்ஸி அடித்தபோது உதவி நடுவரின் கொடி உயர்ந்தது, சரி. அடுத்தது லவுத்தாரோ மார்ட்டினெஸ், கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிவிட்ட அழகான கோல். வெடி கொளுத்தியாயிற்று. பக்கத்து வீட்டுப் பையன் என் முதுகில் ஏறிவிட்டான். பிறகு திரையில் கணினி வரைந்த பொம்மை மனிதர்கள் வந்தார்கள். அவருடைய தோள்பட்டையின் ஓரம் கோட்டைத் தாண்டி இருந்ததாம். பையனை இறக்கிவிட்டேன். சற்று நேரம் கழித்து லவுத்தாரோ மறுபடியும் அடித்தார். பையன் ஏறவில்லை. என் முகத்தைப் பார்த்து, “மாமா, இது கோல்தானா?” என்று கேட்டான்.

தோற்றது பெரிதில்லை. அந்த முறை கோப்பையே எங்களுக்குத்தான் வந்தது. ஆனால் அன்று பிடித்த நோய் போகவில்லை. இப்போதெல்லாம் கோல் விழுந்தவுடன் பந்தைப் பார்ப்பதில்லை. வீடியோ நடுவர் பேசுவதைக் கேட்க நடுவரின் விரல் காதுக்குப் போகிறதா என்று பார்க்கிறோம். அனுமதி வந்தபின் கத்துவது கத்தலா? கோல் என்பது அந்த ஒரு நொடிதானே? அதற்காகத்தானே மீதி எண்பத்தொன்பது நிமிடமும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறோம்?

ஆட்டங்களும் பெருகிவிட்டன. 1986 உலகக் கோப்பையில் 24 அணிகள், 52 ஆட்டங்கள். 2026-க்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். இரட்டிப்பு. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

மார்த்தாண்டம் தம்பி:

அண்ணாச்சி, 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துடன் நடந்த காலிறுதியில் வீடியோ நடுவர் இருந்திருந்தால் மாரடோனாவின் முதல் கோல் ஐம்பத்தோராவது நிமிடத்திலேயே செத்திருக்கும். அவர் பந்தைக் கையால் தட்டியதைத் துனீசிய நடுவர் அலி பின் நாசர் கவனிக்கவில்லை, நீங்கள் வாழ்நாள் ரசிகர் ஆனீர்கள். அந்த ஒரு நொடி இங்கிலாந்துக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்?

என் கதையைக் கேளுங்கள். நான் லண்டன் அணியான டாட்டன்ஹாமின் ரசிகன். சிரிக்க வேண்டாம். 2019 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியுடன் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. ஆட்டம் முடியும் நேரம் இங்கே நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய இரண்டரை மணி. தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் சிட்டியின் ஸ்டெர்லிங் அடித்த கோல் எங்களை வெளியே தள்ளியது. டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. விடிந்தபின் நண்பன் வாழ்த்து அனுப்பியிருந்தான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவனைத் திட்டிவிட்டேன். அந்தக் கோலுக்கு முன்னால் சிட்டியின் அகுவேரோ ஆஃப்சைடில் நின்றதாக வீடியோ நடுவர் கண்டுபிடித்து, நாங்கள் அரையிறுதிக்குப் போயிருக்கிறோம். என் அணியின் சரித்திரத்தில் மிகப் பெரிய இரவுகளில் ஒன்றை நான் போர்வைக்குள் கழித்தேன். ஆகவே எனக்கு இந்த முறைமேல் புகார் சொல்ல வாய் இல்லை.

குளச்சல் பழைய ரசிகன்:

தம்பி, திருவனந்தபுரம் பக்கம் திருப்பி வைத்த எங்கள் ஆன்டெனாவில் மாரடோனாவின் கை என்ன, காலே சரியாகத் தெரியவில்லை. அதை விடுங்கள். நான்கு நிமிடம் கழித்துப் பாதி இங்கிலாந்தைக் கடந்து போய் அடித்தாரே, அதை எந்த வீடியோ வைத்து மறுப்பீர்கள்?

இரவிபுத்தன்துறையிலிருந்து:

பெரியவர் கோபிக்கக் கூடாது. லவுத்தாரோவின் தோள்பட்டைக்கு இவ்வளவு துக்கம் கொண்டாடுகிறோம். எங்கள் ஊர் கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தின் முதல் ஆட்டத்தில், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராகக் காயம்பட்டு வெளியேறினார். கொரோனா காலம்; கோவாவில் காலி மைதானம். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் அவருக்கு அந்தப் பருவமே முடிந்தது. எத்தனை ஊரில் தார்ப்பாய் கட்டிப் பார்த்தார்கள்?

அவர் முன்பு ஆடிய சென்னை சிட்டி, அவர் போனபின் 2019 மார்ச்சில் கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, இந்தியாவின் தேசிய லீகான ஐ-லீக் பட்டம் எடுத்தது. தமிழ்நாட்டு அணி ஒன்று இந்தியாவின் சாம்பியன்! சில ஆண்டுகளில் அந்த அணி ஐ-லீகிலேயே இல்லை. நவீனக் கால்பந்து என்னிடமிருந்து எதைப் பறித்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 2025 டிசம்பரில் ஐ.எஸ்.எல். தொடங்கவே வழியில்லாமல், ஒப்பந்தச் சிக்கலில் கிடந்தது. அதே மாதம் மெஸ்ஸியைப் பார்க்கக் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் போனவர்கள், பிரமுகர்களின் முதுகைப் பார்த்துவிட்டு நாற்காலியை உடைத்தார்கள்.

ஊரும் சுத்தமில்லை. நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் முடிந்து படகு கரையேறிய அன்றே பந்துக்கு வந்தவர்கள் எங்கள் அண்ணன்மார். இப்போது அணிக்கு ஏழு பேர் ஆடும் கடற்கரைச் செவன்ஸ் போட்டிகளுக்கு வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்குகிறார்கள். ஊர்ப் பையன்கள் வெளியே உட்கார்ந்து விசில் அடிக்கிறார்கள். பந்து விளையாடிய மணலில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. மீதியில் அலைத்தடுப்புக் கற்கள்.

நாகர்கோவில் ஆசிரியை:

எல்லாரும் பழைய காலத்துக்கு ஏங்குகிறீர்கள். அந்தக் காலத்தில் நான் மைதானத்தின் ஓரத்தில் நின்று அண்ணனின் செருப்பைப் பார்த்துக்கொண்டவள். 1986-ஐ யாராவது திருப்பிக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றது. இந்தத் திரியில் இதுவரை ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

எனக்கும் கசப்பு உண்டு. என் மாணவிகள் பந்து பழகிய பொதுத் திடலுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டர்ஃப் வந்துவிட்டது. விளக்கு, வலை, பச்சைக் கம்பளம் எல்லாம் இருக்கிறது. காசுள்ள பையன்கள் அங்கே போய்விட்டதால் பெண்களுக்குத் திடல் கிடைக்கும் என்று நினைத்தேன். திடலில் இப்போது டர்ஃபுக்கு வருகிறவர்களின் பைக்குகள் நிற்கின்றன. எடுக்கச் சொன்னால், “பத்து நிமிடம்தான் டீச்சர்” என்கிறார்கள். ஒரு கோல் கம்பத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரே வரிசையாக நிற்கும் பைக்குகளைச் சுற்றிப் பந்தைக் கொண்டுபோகப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். போன வாரம் ஒருத்தி கண்ணாடியை உடைத்துவிட்டாள். நான் திட்டவில்லை.