முன்பக்கப் புல்லுக்குப் பதிலாக டக்ளஸ் ஐரிஸ்

அக்கா: சித்தி, தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போகிறது, முன்பக்கப் புல்லை எடுத்துவிடலாம் என்று இருக்கிறோம். ஓக் மரத்தடியில் என்ன வைக்கலாம்?

சித்தி: இப்போதைக்குப் புல்லில் கை வைக்காதே. புல்லை எடுப்பவர்களுக்கு சான்டா கிளாரா தண்ணீர் வாரியம் தரும் மானியத்துக்கு முதலில் எழுதிப் போடு, ஒப்புதல் வருவதற்கு முன் எடுத்தால் பணம் கிடைக்காது.

சித்தி: மரத்தடிக்கு டக்ளஸ் ஐரிஸ்தான். இந்தக் கலிஃபோர்னியா மண்ணின் பூச்செடி கண்ணு, சான்டா பார்பரா பக்கத்திலிருந்து ஆரிகன் தெற்கு வரை கடலோரத்தில் தானாக வளர்வது. பாயின்ட் ரேஸில் வசந்தத்தில் பாதையோரம் ஊதாவாகப் பூத்திருந்ததே, அதுதான். கோடையில் மழையே இல்லாமல் இருந்து பழகியது. ஓக்குக்கும் கோடைத் தண்ணீர் ஆகாது, அடிமரம் அழுகிவிடும், அதனால் இரண்டுக்கும் ஒத்துப்போகும். அடிமரத்தை விட்டு ஆறடியாவது தள்ளி நடு.

மாமா: கடையில் பெரிய பெரிய பூவாக விற்கிறார்களே, அதுவா?

சித்தி: இல்லை அண்ணா, அது பியர்டட் ஐரிஸ். அதன் கிழங்கு மேலே தெரிந்து வெயில் பட வேண்டும், ஜூலை ஆகஸ்டில் பிரித்து நடுவார்கள். டக்ளஸை அந்த மாதத்தில் தோண்டினால் பிழைக்காது. மழை பிடித்த பிறகு மண்ணை லேசாக விலக்கிப் பார்த்தால் கிழங்கடியில் வெள்ளையாகப் புது வேர் விட்டிருக்கும், அப்போதுதான் பிரிக்க வேண்டும், பிரித்த துண்டின் வேர் காயவே கூடாது.

மாமா: எங்கள் லிவர்மோர் வெயிலுக்குத் தாங்குமா? இங்கே நூறு டிகிரி சாதாரணம்.

சித்தி: மதிய நிழல் இருந்தால் தாங்கும். முதல் கோடையில் மட்டும் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் தண்ணீர் விடுங்கள், அப்புறம் உங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை போதும். வாடுகிறதே என்று பாவப்பட்டுத் தினமும் ஊற்றினால் சூடான ஈர மண்ணில் கிழங்கு அழுகிவிடும். தண்ணீர் தேங்காத மண் முக்கியம்.

நான்: மான் தின்னுமா சித்தி?

சித்தி: பெரும்பாலும் தொடாது. நத்தைதான் பூவைத் தின்னும். நாய் கிழங்கைக் கடித்தால் வாந்தி எடுக்கும், பார்த்துக்கொள்.

நான்: பழைய இலையைக் கையால் பிய்க்கவே முடியவில்லை.

சித்தி: கத்தரிக்கோலால் வெட்டு. அவ்வளவு உறுதியான நார் அதில். வடக்கே கிளாமத் ஆற்றுப் பக்கம் யுரோக், கரூக் பழங்குடி மக்கள் அங்குள்ள காட்டு ஐரிஸ் இலையின் நாரை எடுத்து, திரித்து, வலையும் மான் பிடிக்கும் கண்ணியும் பின்னினார்கள். ஓர் இலையில் கொஞ்சம்தான் நார் வரும், ஒரு வலைக்கு எத்தனை இலை, எத்தனை பேர் உழைப்பு என்று யோசி. அதைத் தெரிந்த பிறகு இதை வெறும் அழகுச் செடியாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

அக்கா: உங்களிடம் வெள்ளைப்பூ இருந்ததே?

சித்தி: அது கேன்யன் ஸ்னோ, சான்டா பார்பரா தாவரவியல் பூங்காவில் உருவான ரகம். மழை தொடங்கட்டும், பிரித்துத் தருகிறேன். ஒப்புதல் வரும்வரை தொட்டியில் வைத்துக்கொள்.

அக்கா: சரி சித்தி, இன்றைக்கே மனு போடுகிறேன்.