ஐயாவின் ஹெரால்டுக்கு பெயிண்ட்: எந்தப் பட்டறை?

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் ஐயா ஓட்டிய 1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் நிற்கிறது, கதவடியில் துரு. காரைக்குடியில் ஒருவர் பத்தே நாளில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: பத்து நாள் என்றாலே யோசியுங்கள் அண்ணே. துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்களா என்று பாருங்கள். துருவின் மேலேயே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசினால் ஒரு மழைக்காலத்திலேயே கொப்புளம் கிளம்பிவிடும், என் பியட்டில் அதுதான் நடந்தது, இன்னும் வயிறெரிகிறது.

இன்னொரு பதில்: அவர்கள் இரண்டு வருடம் முன்பு முடித்த வண்டியைக் கேட்டு, தகட்டில் காந்தம் வையுங்கள். ஒட்டாவிட்டால் பட்டி கனம். அப்புறம், நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

கேட்டவர்: ஐயாவின் நிறம்தான், மாற்ற மாட்டேன். நாளைக்கே காந்தத்தோடு போகிறேன்.