தொக்-இம் ஏன் மறுத்துக்கொண்டே இருந்தாள்? ('த ரெட் ஸ்லீவ்' முடிவு பற்றியது)

நிலாமுற்றம்:
இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள், முடிவைச் சொல்லாமல் இதைக் கேட்க முடியாது.

2021-இல் வந்த 'த ரெட் ஸ்லீவ்' கொரியத் தொடரை நேற்று ராத்திரி முடித்தேன். மொத்தம் 17 எபிசோட். தொக்-இம் அரண்மனைப் பணிப்பெண், ராஜா தன் துணைவியாகக் கேட்டும் மறுத்துக்கொண்டே இருந்தவள். கடைசியில் அவள் சாகக் கிடக்கிறாள். ராஜா பக்கத்திலேயே இருக்கிறார். அவள் கேட்பது அவரை இல்லை, தன்னோடு அரண்மனையில் வளர்ந்த தோழிகளை. அப்புறம் அவரிடமே சொல்கிறாள்: அடுத்த பிறவியில் என்னைப் பார்த்தால் தெரியாதவர் போலக் கடந்து போய்விடுங்கள். கொஞ்சம்கூட என்மேல் ஆசை இருந்ததில்லையா என்கிறார் அவர். நிஜமாகவே மனம் இல்லையென்றால் எப்படியாவது ஓடிப் போயிருப்பேனே, இன்னுமா புரியவில்லை என்கிறாள்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாதித் தொடர் வரைக்கும் எனக்கு அவள்மேல் கோபம். ஆசை இருக்கிறது, அவரும் நல்லவர், இன்னும் என்ன பிடிவாதம் என்று. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும், இத்தனை நேரம் நான் ராஜாவின் பக்கம் நின்றே கதையைப் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. பணிப்பெண்ணுக்கும் மனசு உண்டு என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் காதில் விழவில்லை.

இந்த மறுப்பு எழுத்தாளரின் கற்பனையா, சரித்திரத்திலேயே இருக்கிறதா? இதே மாதிரி எழுதப்பட்ட பாத்திரங்கள் வேறு எந்தத் தொடரில் இருக்கிறார்கள்?

பழையஏடு:
சரித்திரத்திலேயே இருக்கிறது. நிஜ தொக்-இம் 1786-இல் இறந்த பிறகு ஜொங்ஜோ மன்னரே (தொடரின் ராஜா, இயற்பெயர் சான்) அவளுக்குக் கல்லறை வாசகம் எழுதினார். துணைவியாகும்படி முதலில் கேட்டபோது, ராணிக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை என்று சொல்லி அழுது மறுத்தாள் என்று அதில் இருக்கிறது. 15 வருஷம் கழித்துத் திரும்பக் கேட்டார். அப்போதும் மறுத்தாள். அவளுடைய வேலைக்காரர்களைத் தண்டித்த பிறகுதான் சம்மதித்தாள். இதையும் அவரே எழுதியிருக்கிறார்.

மறுத்ததற்கான காரணம் நமக்குக் கிடைப்பது அவர் கையால்தான். 1773-இல் இளவரசிகளோடு சேர்ந்து அவள் நகலெடுத்த ஒரு நாவல் மிஞ்சியிருக்கிறது, ஆனால் அது வேறு யாரோ எழுதிய கதை. தொடர் அந்த மறுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, காரணத்தை மட்டும் அவள் வாயிலிருந்து சொல்ல வைக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் பெரிய சாதனை அதுதான்.

சானின் தாத்தா, முந்தைய மன்னர் யொங்ஜோவையும் மறந்துவிடாதீர்கள். 1762-இல் பெற்ற மகனை அரிசிப் பெட்டியில் அடைத்துச் சாகவிட்டவர். எட்டு நாள் ஆனது. அந்த மகனின் பிள்ளைதான் சான். தாத்தா பேரனைக் கொஞ்சும் காட்சியில்கூட எனக்கு வயிறு கலங்கியது. சானால் யாரிடமும் மனம்விட்டுப் பேச முடியாததன் வேர் அங்கே இருக்கிறது.

சாரல்:
'மை டியரஸ்ட்' பாருங்கள் (2023). 1636-இல் சிங் பேரரசின் படை ஜோசன்மேல் (அன்றைய கொரியா) பாய்கிறது, ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைபிடித்து இன்றைய சீனாவில் உள்ள ஷென்யாங்குக்கு ஓட்டிப் போகிறார்கள். மீண்டு வந்த பெண்களைச் சொந்த வீடே கறைபட்டவர்கள் என்று ஒதுக்கியது. நாயகி கில்-சே முதலில் ஊரில் அழகைக் காட்டித் திரியும் பெண். அதற்காகவே சிலர் ஆரம்பத்தில் நிறுத்திவிடுகிறார்கள், நீங்கள் நிறுத்தாதீர்கள்.

பின்னால் நாயகன் ஜாங்-ஹ்யோன் அவளிடம், ஏழை கில்-சே, பணக்கார கில்-சே, எந்த கில்-சே என்றாலும் எனக்குப் போதும் என்கிறான். எதிரியிடம் சீரழிந்த கில்-சே என்றால், என்று கேட்கிறாள். "அணைத்துக்கொள்ள வேண்டும். வேதனைப்பட்டிருப்பாளே" என்கிறான். அவ்வளவுதான் வசனம். மன்னிக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை, ஏனென்றால் மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை. இந்த ஒரு பதிலுக்காக இரண்டு முறை பார்த்தேன்.

கடலோரம்:
'மிஸ்டர் சன்ஷைன்' (2018) தொடரில் கூ தோங்-மே. கசாப்புக்காரர் மகன், தாழ்ந்த சாதி என்று மிதிபட்டு வளர்ந்தவன். நாயகி ஏ-ஷின் தனக்குப் பட்ட கடனை மாதம் ஒரு காசாகத் தந்தால் போதும் என்கிறான். பணத்துக்காக இல்லை, மாதம் ஒருமுறை அவள் முகம் பார்க்கலாமே. காதலைச் சொல்லத் தெரியாதவனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கொடுக்க முடியுமா!

நிலாமுற்றம்:
பழையஏடு, வேலைக்காரர்களைத் தண்டித்தார் என்பதைப் படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் போகவில்லை. அதை மறைக்காமல் அவரே எழுதி வைத்திருக்கிறாரே. அவளை இழந்த துக்கத்தில் எழுதும்போதும் அவள் வேண்டாம் என்றதை விட்டுவிடவில்லை. அந்த மனிதரை இனி எப்படி நினைப்பது என்று தெரியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை.

முதல் எபிசோடிலிருந்து திரும்பப் பார்க்கப் போகிறேன், இந்த முறை அவள் பக்கம் நின்று. சாரல், கில்-சேவை அதற்கப்புறம் தொடங்குகிறேன்.