பஸ் தடம், நிறுத்தம், சாலை பற்றிய கருத்துக் கேட்பு: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடிக்காரர்

கருத்துக் கேட்பு என்றால் மைக் பிடித்து நாலு வார்த்தை சூடாகப் பேசுவது என்றே நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். கைதட்டல் கிடைக்கும், கோப்பில் ஒன்றும் ஏறாது. கோப்பில் ஏறுவது எழுத்து மட்டும்தான், அதுவும் கெடுவுக்குள் போனால்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் பிரிவு 99-இன்படி பஸ் தடத் திட்டம் வரைவாக வெளிவந்தால், ஆட்சேபணைக்கு 30 நாள். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்க, தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவில் அறிவிப்பு வந்தால் 21 நாள்தான்.

குடியாத்தம் பக்கம் சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை மாதிரியான வேலைகளில் வரும் மனுக்களில் ஒரே குறைதான் திரும்பத் திரும்ப இருக்கும். சர்வே எண்ணும் பரப்பும் எழுதியிருக்காது. ஊரே சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கும். நிலம் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக, அறிவிப்பில் சொன்ன அதிகாரியின் பெயருக்கே கொடுங்கள். கெடுவை அரசிதழ்த் தேதியிலிருந்து எண்ணுவதுதான் பத்திரம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனு அங்கிருந்து இறங்கி வருவதற்குள் 21 நாள் ஓடிப்போகும்.

ஒடுகத்தூர் ரோடு

மினி பஸ் பற்றிச் சொல்கிறேன். 1997 திட்டத்தில் பஸ் ஓடாத பாதை 16 கி.மீ., ஏற்கெனவே ஓடுகிற பாதை 4 கி.மீ. என்று இருந்தது. புதிய திட்டத்தில் மொத்தம் 25 கி.மீ. வரை போகலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். அதனால் "எங்கள் ஊருக்கு பஸ் விடுங்கள்" என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை பஸ்ஸே இல்லை என்பதைக் காட்ட வேண்டும்.

பைக்கின் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து, கூட்டுரோட்டிலிருந்து ஊர் வரை ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தூரம் குறியுங்கள். பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை எந்த நிறுத்தத்தில் வருகிறது, பள்ளி மணி எத்தனைக்கு, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு மூன்று விஷயம்: கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்ப இடம் உண்டா, மின்கம்பி எங்கே தொங்குகிறது, கல்வெர்ட்டின் (சிறுபாலத்தின்) அகலம் என்ன. டேப் பிடித்துப் போட்டோ எடுத்து இணையுங்கள். அணைக்கட்டு ஒன்றியத்து மலையடிவார ஊர்களில் தடம் மறுக்கப்படும்போது சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். "வசூல் இல்லை" என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

வசூல் என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் இலவசச் சீட்டு கிழிக்கிறார்கள், ஆகவே எண்ணிக்கை கண்டக்டர் மெஷினில் இருக்கிறது. ஸ்டேஜ் வாரியாக எத்தனை இலவசச் சீட்டு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கொசப்பேட்டை

சி.எம்.சி. ஆஸ்பத்திரி முன்னால் ஐடா ஸ்கடர் சாலையைப் பற்றி எல்லோரும் "நெரிசல்" என்றே பேசுகிறோம். அந்தச் சொல்லை வைத்தால் தீர்வு வண்டிக்குத்தான் போகும். நடப்பவர்களை எண்ணிக் கொண்டுபோங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடப்பவர்களுக்காக வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 நெறிமுறையில் ஒரு கணக்கு உண்டு: ஒரு மணி நேரத்தில் கடக்கும் ஆட்களை வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் அது 10 கோடியையும், தடுப்பு உள்ள சாலையில் 20 கோடியையும் தாண்டினால், கடக்க முறையான வசதி வேண்டும் என்று கேட்கலாம். உதாரணமாக 800 பேர், 600 வண்டி என்றால் 28.8 கோடி.

இரண்டு பேர் போதும், ஒருவர் ஆட்களை எண்ண, ஒருவர் வண்டியை எண்ண. கால் மணிக்கு ஒரு கோடு போட்டு, நெரிசலான நான்கு மணி நேரம் எண்ணிச் சராசரி எடுங்கள். முச்சந்தியில் நின்று மட்டும் எண்ணினால் பாதிப்பேர் விட்டுப்போவார்கள். ஜனங்கள் கடப்பது ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேரே, நிற்கிற ஆட்டோக்களுக்கு நடுவே. 12 மீட்டர் சாலையை நல்ல கால் உள்ளவர் 10 வினாடியில் கடப்பார். வாக்கர் பிடித்தவருக்கு 20 வினாடியும் போதாது. சிக்னல் நேரம் கேட்கும்போது இந்த இரண்டாவது எண்ணை எழுதுங்கள்.

இன்னொன்று. சாலைத் திறன் கணக்கில் ஒரு பஸ்ஸை 2.2 முதல் 3.7 காருக்குச் சமமாக வைக்கிறார்கள். உள்ளே 60 பேர் இருப்பது அதில் தெரியாது. கருத்துக் கேட்பில் வைக்கும் அட்டவணை வண்டியை எண்ணியதா, ஆளை எண்ணியதா என்று முதலில் கேளுங்கள். ஆட்களை நகர்த்துவதுதான் நோக்கம், வண்டிகளை அல்ல என்று 2006 தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது.

சத்துவாச்சாரி வாசகர்

கொசப்பேட்டை சார் சொன்ன இடத்தில் அதிகம் நடப்பவர்கள் யார்? வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள். இங்கே ஓட்டு இல்லை, வார்டுக்குள் மக்கள் கூடும் எந்தப் பகுதி சபையிலும் பெயர் இல்லை. இவர்களைக் கேட்காமல் அந்தச் சாலையைப் பற்றி முடிவெடுப்பது அநியாயம். இந்தியும் வங்காளமும் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு லாட்ஜ் வரவேற்பறையிலேயே கேட்கலாம், ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம்.

அயர்லாந்தில் குலுக்கல் முறையில் எடுத்த 99 பேரை உட்கார வைத்துப் பேசவிட்டார்கள். நிபுணர் விளக்கம், பிறகு சிறு மேசைப் பேச்சு, கடைசியில் ரகசிய வாக்கு. 2017-இல், புதிய சாலைக்குச் செலவிடுவதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு பொதுப் போக்குவரத்துக்கு வேண்டும் என்று 92 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். கார் வைத்திருப்பவர்களும் உட்கார்ந்த கூட்டம் அது.

நம் மாநகராட்சியின் 60 வார்டில் ஒன்றில் இதைச் செய்ய வாக்காளர் பட்டியலே போதும், இத்தனையாவது பெயர் என்று இடைவெளி வைத்து எடுங்கள். முப்பது பேர் வேண்டுமென்றால் நூறு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். ஒரு நாள் கூலி கொடுக்காவிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள், ஓய்வு பெற்றவர்களே மிஞ்சுவார்கள். மேசைக்கு எட்டுப் பேர், அதற்கு மேல் போனால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்களுக்குத் தனி நேரம், மதியம் சவாரி குறையும்போது வையுங்கள். அவர்களை விட்டுவிட்டு நிறுத்தத்தை மாற்றினால் மறுநாளே பழைய இடத்தில் நிற்பார்கள், ஏனென்றால் சவாரி அங்கேதான் இருக்கிறது.

பாலாற்றங்கரை

கிராம சபைக்கு இரண்டு வரி. 501 முதல் 3000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் (கோரம்) 100 பேர், 10,000 வரை 200. ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று பிறகு தள்ளிவிடலாம். மே 1-உம் ஆகஸ்ட் 15-உம் கம்பெனி விடுமுறை, பெண்கள் ஊரில் இருப்பார்கள், பஸ் விஷயத்தை அன்றைக்கு எடுங்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து.

ஒடுகத்தூர் ரோடு

ஆமாம் அண்ணா, வாசகமும் முக்கியம். "பஸ் வசதி செய்துதரக் கேட்டுத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் எந்த ஆபீசுக்கும் பொறுப்பில்லை. "இன்ன தடத்தைக் காலை 7.40-க்கு இன்ன ஊர் வரை நீட்டிக்க, அரசுப் போக்குவரத்துக் கழக வேலூர் மண்டலப் பொது மேலாளருக்கு அனுப்ப" என்று இருக்கட்டும். நகலை வாங்கிப் பதிவுத் தபாலில் நீங்களும் ஒன்று அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு: தீர்மானம் எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கோப்பில் இருக்கிறது, குறிப்புப் பக்கங்களின் நகல். 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் 30 நாள் கெடு.