நாகேஷை எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

மதுரைப்பையன்22:
வணக்கம். பழைய படம் என்றால் அப்பா டிவியில் போட்டிருக்கும்போது நடுவில் வந்து உட்கார்ந்து பார்த்த அளவுதான் எனக்குப் பழக்கம். போன வாரம் ‘மகளிர் மட்டும்’ பார்த்தேன், 1994-இல் ரேவதி, ஊர்வசி, ரோகிணி நடித்தது. அதில் நாகேஷ் பிணமாக வருகிறார். வசனமே கிடையாது, இழுத்த பக்கம் சாய்கிறார், தூக்கினால் தொங்குகிறார், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாளாக மனசில் நிற்பது அவர்தான். அப்பாவிடம் சொன்னேன், “இதுக்கே இப்படின்னா தருமியைப் பார்த்தா என்ன சொல்வே” என்றார். யூடியூபில் அவருடைய காமெடித் துண்டுகளைத் தேடிப் பார்த்தால் எனக்கு எல்லாமே ஓட்டமும் கத்தலுமாகத்தான் தெரிகிறது. முழுசாக எந்தப் படத்தில் தொடங்குவது? இன்னொன்று, சர்வர் சுந்தரத்தில் கதாநாயகனாக நடித்தவர் ஏன் அப்படியே ஹீரோவாகத் தொடரவில்லை? முகம்தான் காரணமா?

தரைடிக்கெட்:
தம்பி, துண்டு துண்டாகப் பார்த்ததுதான் தப்பு. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) போடுங்கள். நாகேஷ் அதில் செல்லப்பா, ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று கம்பெனி ஆரம்பித்துவிட்டு அப்பா பாலையாவிடம் பணம் கேட்டு அலைபவர். அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை ஒரு தடவை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள், அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் பயந்துகொண்டே இருப்பார். அப்புறம் திரும்ப ஓடவிட்டு நாகேஷை மட்டும் பாருங்கள். வாயாலேயே சத்தம் எழுப்பி, திடீரென்று நிறுத்தி, எதிரில் இருப்பவர் பயந்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு துண்டு வீடியோவில் வெட்டுப்பட்டுப் போய்விடும், அதனால்தான் உங்களுக்குக் கத்தலாகத் தெரிகிறது.

ஸ்ரீரங்கம்_ராதா:
ஹீரோ கேள்விக்கு வருகிறேன். “தொடரவில்லை” என்பதே சரியில்லை. சர்வர் சுந்தரம் (1964) கதை கே. பாலசந்தருடையது, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. அடுத்த வருஷமே பாலசந்தர் இயக்குநராகி எடுத்த முதல் படமான நீர்க்குமிழிக்கும் இவரைத்தான் வைத்தார், ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓடும் கதை. 1967-இல் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் இரட்டை வேடம், அதில் ஒருவர் தூத்துக்குடிக்காரர், மனோரமாவோடு ‘முத்துக் குளிக்க வாரியளா’ அங்கேதான். 1968-இல் எதிர்நீச்சல். நாலு வருஷத்தில் இத்தனை.

முகம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மைத் தழும்போடு வந்து கேமரா முன்னால் அப்படியே நின்றவர். என் கணக்கு வேறு. அப்போது எம்ஜிஆர் படத்துக்கும் இவர் வேண்டும், சிவாஜி படத்துக்கும் வேண்டும். ஹீரோ என்றால் ஒரே படத்தில் மாதக்கணக்கில் கட்டுண்டு கிடக்க வேண்டும், நகைச்சுவைப் பகுதி என்றால் ஒரே சமயத்தில் பல படங்களுக்கு ஓடலாம். எந்தத் தயாரிப்பாளர் இவரை ஒரு படத்தோடு விட்டு வைப்பார்?

ஆரம்பிக்க எதிர்நீச்சல்தான் என் ஓட்டு. மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, அந்த வீட்டில் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் எடுபிடி வேலை செய்து, முறை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற அநாதைப் பையன் மாது. யாரைப் பார்த்தாலும் கொஞ்சம் குனிந்தே நிற்பார், கவனியுங்கள். அதே 1968-இல் தில்லானா மோகனாம்பாளில் வைத்தியாக வந்து, இதே உடம்பை வைத்துக்கொண்டு எவ்வளவு அருவருப்பாக வளைகிறார் என்றும் பாருங்கள். மாதுவும் குனிகிறான், வைத்தியும் குனிகிறான், ஒன்றில் பசி, இன்னொன்றில் தரகு.

தரைடிக்கெட்:
வைத்தியை மறந்தே போனேன், அது சரியான பிடி. ஆனால் புதுசாகப் பார்ப்பவரை எதிர்நீச்சலில் இறக்கினால் நாடக வாடையில் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.

கோவை_மணி:
இரண்டும் வேண்டாம், அவங்க அப்பா சொன்னதுதான் சரி. திருவிளையாடல் (1965). ஆயிரம் பொற்காசு அறிவித்திருக்கிறார்கள், புலவர் தருமிக்குப் பாட்டு எழுத வரவில்லை, கோயிலில் தனியாகப் புலம்புகிறார். பக்கத்தில் ஆளே இல்லை, இருந்தாலும் நான்கு பேரோடு சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அப்புறம் சிவாஜி வந்ததும் கேள்வி-பதில். அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு, ஓரிடம்கூட வெட்டக்கூடாது என்று சிவாஜியே இயக்குநர் ஏ.பி. நாகராஜனிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு, உண்மையோ இல்லையோ, நம்பத்தான் தோன்றுகிறது. மதுரைக்காரராக இருந்துகொண்டு தருமியைத் தள்ளிப்போடலாமா?

மதுரைப்பையன்22:
நன்றி எல்லோருக்கும். ஞாயிற்றுக்கிழமை எதிர்நீச்சல் பார்த்தேன், எழுந்து போகவில்லை தரைடிக்கெட் அண்ணா :) ‘அடுத்தாத்து அம்புஜம்’ பாட்டு இந்தப் படத்தில்தான் என்று இப்போதுதான் தெரியும், அம்மா கூடவே பாடினார். வயசான பிறகு நடித்ததில் எதைப் பார்க்கலாம்?

ஸ்ரீரங்கம்_ராதா:
‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) பாருங்கள், வில்லன். சிரிப்பே இல்லாத நாகேஷ் எப்படி இருப்பார் என்று தெரியும். அதற்கு அடுத்த வருஷம் ‘மைக்கேல் மதன காம ராஜன்’, அவினாசி, பணத்தைச் சுருட்டிவிட்டு முதலாளி முன்னால் நடுங்குகிற ஆள். நீங்கள் பார்த்த பிணம் வந்த அதே 1994-இல் ‘நம்மவர்’, மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்கு அதில்தான் வந்தது. அத்தனை வருஷம் சிரிக்க வைத்ததற்குக் கொடுக்காமல் அழுததற்குக் கொடுத்தார்கள், எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்தால் வாயடைத்துத்தான் போகும்.

அப்புறம் ஒரு விஷயம், இது எனக்கு மட்டும் பிடித்ததாகக்கூட இருக்கலாம். சர்வர் சுந்தரத்தில் அவர் காதலிக்கிற பெண் கே.ஆர். விஜயா, அவர் மனசோ முத்துராமன் பக்கம். 2008-இல் ‘தசாவதாரம்’ வந்ததே, அதில் நெட்டையான கலிஃபுல்லாவின் அப்பா நாகேஷ். அம்மா யார் என்று பாருங்கள்.

மதுரைப்பையன்22:
ஐயோ, அந்தப் படத்தைத் தியேட்டரில் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தாத்தா இவர்தானா! இன்று ராத்திரி சர்வர் சுந்தரம்.