ஆர்எக்ஸ் 100 டேங்கில் தீச்சுவாலை: வீட்டிலேயே அடிக்க முடியுமா?

கரூர்க்காரன் கேட்டது:

வணக்கம். அப்பா ஓட்டிய 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இப்போது என்னிடம் இருக்கிறது. கறுப்பு வண்டி. இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. டேங்கில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சுவாலை போட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை.

ஐப்பசியில் ஒரு தடவை முயன்றேன். ஸ்ப்ரே கேன், சாதாரண மாஸ்கிங் டேப். டேப்புக்கு அடியில் பெயின்ட் கசிந்து ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக வந்தது. மஞ்சளை மூன்று கோட் அடித்தும் உள்ளே கறுப்பு தெரிந்து பாசி பிடித்த மாதிரி இருந்தது. மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கேன் கிளியர் அடித்தேன். மறுநாள் காலையில் வெள்ளை படர்ந்திருந்தது. சரி என்று அப்படியே ஓட்டினேன். பங்கில் பெட்ரோல் கொஞ்சம் வழிந்தது. துடைத்தால் சுவாலையே துணியோடு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் டேங்குக்குக் கறுப்பு பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் மட்டும் அடித்து வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் சின்னக் கம்ப்ரஸரும் டச்சப் கன் என்கிற சிறிய ஸ்ப்ரே கன்னும் உண்டு. மறுபடி நானே செய்யலாமா, கடையில் கொடுத்துவிடவா? அப்பா வண்டி என்பதால் என் கையாலேயே செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

பழைய பெயின்டர், திருச்செங்கோடு:

தம்பி, நீங்களே செய்யுங்கள். கடைசிக் கிளியர் மட்டும் வெளியே கொடுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். லாரி பாடி கட்டும் பட்டறையில் 22 வருடம் பெயின்டராக இருந்தவன் நான். பைக் டேங்கும் நிறைய செய்திருக்கிறேன்.

முதலில், வெள்ளை ஏன் படர்ந்தது? தின்னர் ஆவியாகும்போது பெயின்டின் மேல்பரப்பு குளிரும். மழைக்காலக் காற்றின் ஈரம் அதில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். தை பிறந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் நல்ல வெயில் நாளில் நிழலில் வைத்து அடியுங்கள். பெட்ரோல் விஷயம் வேறு. கேன் பெயின்ட் தின்னர் காய்ந்து இறுகுகிற சரக்கு. பெட்ரோல் பட்டால் மறுபடி இளகும். ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ கே கிளியர் அப்படி இல்லை. முழுக்க இறுகிவிட்டால் வழிந்த பெட்ரோலைத் துடைத்துவிட்டுப் போகலாம்.

இனி டேப். சுவாலை வேலையே டேப்பில்தான் இருக்கிறது, கன் பிடிப்பது அப்புறம். 3 மில்லிமீட்டர் ஃபைன்லைன் டேப் என்று பிளாஸ்டிக் டேப் கிடைக்கும். வளைவில் மடிப்பு விழாமல் திரும்பும். கறுப்பை 800 நம்பர் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டு மங்கலாகத் தேய்த்து, துடைத்து, அதற்குப் பிறகு வெறும் கை படாமல் ஒட்டத் தொடங்குங்கள். கைப்பிசுக்கு இருக்கிற இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

வடிவத்துக்கு இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள். நான் இளம்வயதில் செய்த தவறு, நெருப்பு நாக்குகளை மட்டும் பார்த்து வரைந்தது. பட்டறையில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு நாள் டேங்க் முன்னால் என்னை உட்கார வைத்து, “நடுவில் விடுகிற கறுப்பைப் பார்” என்றார். இரண்டு நாக்கு பிரிகிற இடத்தில் அந்தக் கறுப்பின் முனை கூராக இருக்கக் கூடாது. வேப்பங்கொட்டை மாதிரி உருண்டு தொடங்க வேண்டும். அங்கிருந்து ஒடுங்கி, வால் மாதிரி பின்னால் ஓட வேண்டும். கறுப்பு சரியாக அமைந்தால் நெருப்பு தானாக அமையும். நடராஜர் திருவாசியில் சுவாலைகள் வெளிப்பக்கம் நிமிர்ந்து நிற்கும், அந்த அழகு வேறு. வண்டியில் காற்றுக்குப் படுத்து ஓடுகிற நெருப்பு வேண்டும். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தும்போது காற்றடித்தால் தழல் எப்படிப் போகிறது என்று ஒரு தடவை நின்று பாருங்கள்.

டேப் ஒட்டி, மீதி இடத்தைக் காகிதத்தால் மூடியதும் ஓரத்தை விரல் நகத்தால் அழுத்தி விடுங்கள். பிறகு நேராக மஞ்சளுக்குப் போகாமல், முதலில் கறுப்பையே ஓரத்தில் லேசாகத் தூவுங்கள். கசிந்தாலும் கறுப்பின் மேல் கறுப்புதான் கசியும். டேப் இடுக்கும் அடைபடும். அடுத்து சுவாலை முழுவதும் வெள்ளை. மஞ்சள் மெல்லிய நிறம், அடியில் வெள்ளை இல்லாமல் கறுப்பை மறைக்காது. வெள்ளை மேல் மஞ்சள் முழுவதும், நடுவிலிருந்து வால் வரை ஆரஞ்சு, நுனியில் மட்டும் சிவப்பு. ஆரஞ்சையும் சிவப்பையும் நன்றாக நீர்க்கக் கலந்து, வால் பக்கமிருந்து தூவிக்கொண்டே வாருங்கள். ஒரே கோட் பெயின்டில் நிறம் ஏற வேண்டும் என்று அவசரப்பட்டால் திட்டாகிவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

கடைசி கோட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் டேப்பை எடுங்கள். மறுநாள் வரை விட்டால் ஓரம் உடையும். டேப்பை அதன் மேலேயே மடித்து மெதுவாக இழுக்க வேண்டும், மேல்நோக்கி வெடுக்கென்று பிடுங்கக் கூடாது.

இன்னொன்று, டேங்கைக் கழற்றி, பெட்ரோலைக் காலி செய்து, மூடியைத் திறந்து நாள்கணக்கில் காற்றாட வைத்த பிறகே வேலை. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் அதிக ஆபத்து. அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

ஆரி நூல், ஈரோடு:

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர ஒரு வழி சொல்கிறேன். நாங்கள் ஆரி வேலைக்குப் பிளவுஸில் டிசைன் ஒற்றுவது போலத்தான். ஒரு பக்கச் சுவாலையை பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்துங்கள். டேங்கில் ஒட்டி, சாக்பீஸ் பொடியைத் துணியில் முடிந்து தட்டினால் புள்ளிப் புள்ளியாக இறங்கும். பேப்பரைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம். துணிக்கு நாங்கள் மண்ணெண்ணெய் கலப்போம், டேங்குக்கு வெறும் பொடி போதும். என் தம்பி புல்லட்டுக்கு இப்படித்தான் போட்டுக் கொடுத்தேன்.

கரூர்க்காரன்:

இருவருக்கும் நன்றி. அக்கா சொன்ன ஊசி யோசனை என் மண்டையில் உதித்தே இருக்காது. அண்ணா, கிளியரை ஏன் வெளியே கொடுக்கச் சொல்கிறீர்கள்? மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் அடித்தால் ஆகாதா?

பழைய பெயின்டர், திருச்செங்கோடு:

ஆகாது தம்பி. டூ கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் அதைத் தடுக்காது. ஒரு தடவை நுரையீரலுக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதனாலேயே தொழிலை விட்டார். கறுப்பு அடித்தவரிடமே கொடுங்கள், ஆனால் அவரிடமும் வெளிக்காற்றுக் குழாயோடு மாஸ்க் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள்.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: முதலில் மூன்று கோட் கிளியர், நன்றாக இறுகியதும் 800 பேப்பரில் தண்ணீர் விட்டு மட்டம், மறுபடி இரண்டு கோட். சுவாலை ஓரத்தில் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. அப்புறம் 1500, 2000 பேப்பர், கடைசியில் மெருகேற்றும் கம்பவுண்ட். பெட்ரோல் மூடியைச் சுற்றி உள்விளிம்பு வரை கிளியர் இறங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள், பெட்ரோல் அங்கிருந்துதான் உள்ளே புகும். ஆர்.சி.யில் நிறம் கறுப்பு என்றுதானே இருக்கும்? சைடு கவரைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள்.

டேப் ஒட்டியதும், பெயின்ட் அடிக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்கள். அந்தக் கறுப்பு முனைகளை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.